விபத்தில்லா ஆலையில் ஒரு விரல்

பூமியில் விபத்து என்ற சொல்லையே ஒழித்துக்கட்டிய பெருமை, ஒரகடத்துக்கு அருகே கார் கதவு செய்யும் ஓர் ஆலையின் மனிதவள மேலாளர் கண்ணப்பனையே சேரும். ஆலை வாசலில் 'விபத்தில்லா நாட்கள்' என்றொரு பலகை. தினமும் அதில் எண் ஒன்று கூடியதைப் பார்த்த பிறகுதான் அவருக்குக் காபி இறங்கும். பாதுகாப்பு விருது வேறு வரவிருந்தது.

இந்த நேரம் பார்த்தா மாரிசெல்வி கையை அறுத்துக்கொள்ள வேண்டும்? சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். சுங்குவார்சத்திரம் விடுதியில் தங்கி வேலைக்கு வருபவள். தகடு வழுக்கி, வலது ஆள்காட்டி விரலை மடக்குகிற தசைநாண் அறுந்துபோனது. டாக்டர் ஜாஸ்மின் நாணைத் தைத்து, அதைச் சுற்றி மெல்லிய சவ்வு ஒன்றைப் போர்த்திவிட்டார். தழும்பு நாணோடு ஒட்டிக்கொண்டால் விரல் மடங்காது. ஒட்டவிடாமல் தடுத்துவிட்டுத் தானே கரைந்துபோகும் சவ்வு அது.

"சவ்வு பாதி வேலைதான் செய்யும். மீதி, விரலை அசைக்கிறதுல இருக்கு. நீயா இழுத்தா தையல் விட்டுடும். பயிற்சிக்கு ஒழுங்கா இங்க வந்துடணும்," என்றார் ஜாஸ்மின்.

மறுநாள் காலையே விடுதி வாசலில் கம்பெனி வேன் நின்றது. அடிபட்டவர் லீவு போட்டால்தானே விபத்து? வேலைக்கு வந்துவிட்டால் அது வெறும் 'சம்பவம்'. கட்டுப் போட்ட கையோடு மூலையறையில் உட்கார்ந்திருப்பதும் வேலைதான். கண்ணப்பனே மின்விசிறியைப் போட்டுவிட்டார். என்ன ஒரு கருணை!

"சார், டாக்டரம்மா பயிற்சிக்கு வரச் சொல்லிருக்காவ. பகல்ல மட்டுந்தான் உண்டாம். போயிட்டு வரட்டா?"

"ஷிப்ட் நேரத்துல ஆஸ்பத்திரிக்குப் போனா அது 'வேலை இழப்பு'ம்மா. விருது முடியட்டும்."

"அதுக்குள்ள ஒட்டிக்கிடுமே சார்! வெரலு மடங்கலன்னா அப்புறம் யாரு என்னய லைன்ல சேத்துக்கிடுவா?"

விஷயம் ஆலையின் நிர்வாகக் கூட்டத்துக்குப் போனது. பிஸ்கட் வந்தது. சூப்பர்வைசர் டில்லிபாபு எழுந்தார்.

"இன்னா சார் இது? ஒட்டாம இருக்கத்தான உள்ள பிலிம் போட்டுகீறாங்க? அப்பால வெரலை வேற எதுக்கு ஆட்டிகினு? ஒரே வேலைக்கு ரெண்டு ஆளு வெச்ச கதையா கீது."

வீண்வேலை ஒழிப்பில் பேர்போன ஆலை அது. பயிற்சி ஒருமனதாக ஒழிக்கப்பட்டது.

வாரங்கள் போயின. சவ்வு தன் பங்குக் கடமையை முடித்துக்கொண்டு கரைந்தது. கட்டைப் பிரித்தால், விரல் விறைத்துக்கொண்டு நேராக நின்றது. மாரிசெல்வி கழிவறைக்குள் போய் அழுதாள். கண்ணப்பனுக்கும் பாவமாகத்தான் இருந்தது. விருது முடிந்த மறுநாளே ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதாக மனசார வாக்குக் கொடுத்தார்.

விருது நாளும் வந்தது. மேடையில் விருந்தினர், பக்கத்தில் புதுச்சட்டையோடு கண்ணப்பன். ஊழியர்கள் அத்தனை பேரும் வலக்கையை மேடைப் பக்கம் நீட்டி, முஷ்டியை மடக்கி, "பாதுகாப்பே உயிர்!" என்று முழங்கினார்கள். அத்தனை முஷ்டிகளுக்கு நடுவே ஒரு விரல் மட்டும் மடங்காமல் கண்ணப்பனை நோக்கி நீண்டிருந்தது.

"அந்தப் பொண்ணு ஏன் உங்களையே காட்டுது?" என்றார் விருந்தினர்.

கண்ணப்பன் பல்லைக் கடித்தார். "மாரிசெல்வி! விரலை மடக்கும்மா!"

"நான் மடக்கத்தான் சார் பாக்கேன்," என்றாள் அவள். "வெரலுதான் ஒங்கள விடமாட்டேங்கு."