கோடித் தொழிலாளர் சோடா

ஒரு காட்டில் ஊசிமுத்து என்றொரு முள்ளம்பன்றி இருந்தான். பள்ளிக்கூடப் பக்கம் போனதில்லை, அடிபட்டே படித்தவன். கோபம் வந்தால் முதுகு முள்ளெல்லாம் எழுந்து கலகலக்கும். அந்தச் சத்தத்திலேயே பாதி பேரம் படிந்துவிடும்.

அந்தக் கோடையில் அவன் நன்னாரி வேரைத் தோண்டி இடித்து, தேன் கலந்த தண்ணீரில் ஊறப்போட்டான். கூடவே பத்து இலந்தைப் பழம், கழுவாமல். கழுவினால் தோலில் ஒட்டியிருக்கும் நுண்ணுயிர் போய்விடும். அது போனால் எவன் பொங்க வைப்பான்? மூன்றாம் நாள் பானை குமிழி விட்டுச் சிரித்தது. சுற்றுலா வந்த மனிதர்கள் வீசிவிட்டுப் போன பாட்டில்களில் ஊற்றித் தக்கை அடைத்தான். மொத்தம் நாற்பது.

அன்று மாலை மான்களின் ஓட்டப்பந்தயம். காடே நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கும். அன்று விற்றால் சோடா. விட்டால் புளித்துக் காடியாகி ஊறுகாய்க்குத்தான் ஆகும். ஆனால் லைசன்ஸ் இல்லாமல் கடை போடக்கூடாதாம். வாங்கிய கையோடு பந்தயத் திடலுக்குப் போய்விடலாமென்று, நாற்பதையும் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனான்.

வாசலில் ஓணான்.

"ஆபீசர் இருக்காரா?"

ஓணான் தலையாட்டினான்.

"இல்லையா?"

அதற்கும் ஆட்டினான்.

வண்டியை வாசலில் விட்டுவிட்டு ஊசிமுத்து உள்ளே நுழைந்தான். அதிகாரி உடும்பனார் ஒரு பாட்டிலை மாதிரிக்கு வாங்கி, தக்கைமேல் அரக்கு வைத்து, வெயில் விழும் ஜன்னலில் நிறுத்தினார்.

"ஐயா, வெயில் ஆகாது. அப்பப்போ தக்கையைத் தளர்த்திக் காத்து விடணும்."

"சீல் வச்சதைத் திறந்தா குத்தம்யா. விண்ணப்பத்துல ஏழாவது கட்டம் ஏன் காலியா இருக்கு? தொழிலாளர் எத்தனை பேர்?"

"நான் ஒருத்தன்தாங்கய்யா."

"வேரைத் தோண்டினது நீ. பொங்க வச்சது?"

"நுண்ணுயிருங்கய்யா. கண்ணுக்குத் தெரியாது."

உடும்பனார் கண்ணாடியைக் கழற்றினார். "கண்ணுக்குத் தெரியாத ஆளுங்களை ஒளிச்சு வச்சு வேலை வாங்குறியா? எத்தனை பேர்?"

"பாட்டிலுக்கு ஒரு கோடி இருக்கும்."

"கோடிப் பேருக்கும் கைநாட்டு, வருகைப் பதிவேடு, வாரம் ஒரு நாள் லீவு. எல்லாத்தையும் எழுதிக் கொண்டா!"

முள் எழுந்தது. பல்லைக் கடித்து அடக்கினான். எதிராளி சொல்லும் முதல் கணக்குக்கே கோபப்பட்டுப் பல சந்தைகளில் தோற்றவன் அவன்.

"கோடி கட்டுப்படியாகாதுய்யா. பத்துப் பேர்னு முடிச்சுக்குவோம்."

"லட்சத்துக்குக் குறையாது."

"உங்களுக்கும் வேணாம், எனக்கும் வேணாம். நூறு."

"சட்டத்துல பேரமா பேசுற? ஆயிரம்!"

ஒரு மணி நேரம் இழுத்தது. ஜன்னலில் பாட்டிலின் குமிழிகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு மேலே ஏறின.

"சரி, தொலை" என்றார் உடும்பனார். "ஒரே ஒரு பிரதிநிதி. ஆனா நேர்ல வரணும். என் முன்னாடி வாயைத் திறந்து பேசணும். சத்தமா. எனக்குக் காது கொஞ்சம் மந்தம்."

டமார்!

அரக்கு சிதறியது. தக்கை கூரையில் மோதித் திரும்பி வந்து அவர் நெற்றியில் இறங்கியது. நுரை பொங்கிக் கோப்புகளையெல்லாம் குளிப்பாட்டியது. நுரை வடிந்தபோது நாற்காலி காலி. உடும்பனார் உத்தரத்தைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார்.

"யா... யாருய்யா அது?"

ஊசிமுத்து கைகட்டி நின்றான். "பிரதிநிதிங்கய்யா. கூப்பிட்டீங்க, வந்துட்டாரு."

"இன்னும் இருக்காங்களா?"

"முப்பத்தொன்பது பாட்டில். வாசல்ல, வெயில்ல நிக்கிறாங்க. இவராச்சும் பரவாயில்லை, சாது."

வாசலில் ஓணான் தலையாட்டினான்.

உத்தரத்திலிருந்தபடியே உடும்பனார் வாலை நீட்டி முத்திரையை எடுத்தார். "ஒரு வருஷத்துக்குத் தரேன்."

"மூணு வருஷமாப் போடுங்கய்யா."

"அதெல்லாம் முடியா..."

வெளியே ஒரு தக்கை 'புஸ்ஸ்' என்றது.

"அஞ்சு!" என்று அவரே ஏற்றிக் குத்தினார்.

அன்று மாலை மான்கள் ஏப்பம் விட்டுக்கொண்டே ஓடின.

நீதி: பொறுமையாகக் கேட்டாலும் லைசன்ஸ் கிடைக்காது, கோபமாகக் கேட்டாலும் கிடைக்காது. உனக்குப் பதிலாகக் கோபப்படக் கோடிப் பேரை அடைத்து வெயிலில் வை.