பந்து அவர் கையில் இருந்தது

பிள்ளைகளின் விளையாட்டுக்கு நன்கொடை கேட்கப் போகும் பி.டி. டீச்சர்களுக்கு நான் ஒரே ஒரு யோசனை சொல்வேன். கொடுப்பவரை அவர் வீட்டிலேயே போய்ப் பாருங்கள். காபி குடியுங்கள், கும்பிடு போடுங்கள், செக்கை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். எக்காரணம் கொண்டும் அவரை மைதானத்துக்கு அழைத்து வராதீர்கள்.

நான் அழைத்து வந்தேன்.

பல்லடத்தில் ஒரு மிஷன் பள்ளியில் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். கோவையில் ஒரு ரக்பி கிளப் நடத்திய பயிற்சி முகாமுக்குப் போய், ஒரு சான்றிதழும் இரண்டு பழைய பந்துகளும் நிறையத் தலைக்கனமுமாகத் திரும்பி வந்தேன். (மருமகள் ரக்பி கோச் ஆகிவிட்டாள் என்று கேள்விப்பட்ட மாமியார், நாய்க்கடி ஊசி போடும் வேலையா என்று விசாரித்தார்.)

தறிக்குடோனிலும் கோழிப்பண்ணையிலும் வேலை செய்கிறவர்களின் பெண் பிள்ளைகளைச் சேர்த்து ஓர் அணி அமைத்தேன். பிள்ளைகள் சீக்கிரமே ஆட்டத்தைப் பிடித்துக்கொண்டார்கள். ஆனால் ஷூ இல்லை, ஜெர்சி இல்லை, வெளியூர்ப் போட்டிக்குப் போக பஸ் காசு இல்லை. தலைமையாசிரியை சிஸ்டர்தான் சாமியப்பன் ஐயாவிடம் பேசினார். பெரிய கோழிப்பண்ணைக்காரர். பள்ளிக்குத் தண்ணீர்த் தொட்டி கட்டிக்கொடுத்தவர். பிள்ளைகள் ஆடுவதை ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வெள்ளை வேட்டி சட்டையில் வந்தார். சிஸ்டர் போட்ட நாற்காலியில் உட்காராமல் மைதானக் கோட்டின் ஓரமாக வந்து நின்றுகொண்டார்.

முன்னால் ஓடுகிற பிள்ளை எதற்குப் பந்தைப் பின்னால் வீசுகிறது என்று கேட்டார். ரக்பியில் கையால் முன்பக்கம் வீசக் கூடாது என்றேன். அப்புறம் எதற்கு முன்னால் ஓட வேண்டும் என்றார். நியாயமான கேள்விதான். முகாமில் நானும் அதையே கேட்டேன். சும்மா கிடந்த இன்னொரு பந்தைக் கையில் எடுத்து, முட்டையைச் சோதிப்பதுபோல வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். (தொழில் பழக்கம்.)

பிறகு கேட்டார்: "ஏனுங்க அம்மணி, இப்படிக் கட்டிப் புடிச்சு உழுந்தா புள்ளைகளுக்கு அடி படாதுங்களா?"

"படாதுங்க" என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம். நான் அப்போது ஒரு சொல்லோடு நிறுத்துகிற ஆளாக இல்லை. நானே செய்து காட்டுகிறேன் என்று விசிலைக் கழற்றி சிஸ்டரிடம் கொடுத்துவிட்டு உள்ளே இறங்கினேன். அணியிலேயே வேகமான கவியாவைக் கூப்பிட்டு, பந்தோடு கோட்டோரமாக என்னை நோக்கி ஓடி வரச் சொன்னேன்.

வந்தாள். நான் குனிந்து, தலையை ஒரு பக்கம் ஒதுக்கி, கைகளை விரித்துப் பாய்ந்தேன். கடைசி நொடியில் அவள் காலை ஊன்றி உள்பக்கமாக விலகிவிட்டாள். (அதைச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான். அவ்வளவு நன்றாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன் என்பது அந்த நொடி வரைக்கும் எனக்கே தெரியாது.) பாய்ந்தவளுக்கு நிற்க வழியில்லை. என் இரண்டு கைகளும் சாமியப்பன் ஐயாவின் தொடைகளைச் சுற்றிப் பூட்டிக்கொண்டன. இருவரும் சாய்ந்தோம்.

விதிப்படி, பந்தை வைத்திருப்பவரைத்தான் இப்படிப் பிடித்துச் சாய்க்கலாம். பந்து அவர் கையில் இருந்தது. இந்த வாதத்திலிருந்து நான் இன்றுவரை பின்வாங்கவில்லை.

சாய்த்தவர் உடனே கையை விட்டு உருண்டு விலக வேண்டும். விலகினேன். ஆனால் பிள்ளைகளுக்கு நான் இன்னொன்றும் பழக்கியிருந்தேன். பந்தோடு யார் விழுந்தாலும் யோசிக்காமல் ஓடிப்போய் மேலே நின்று எதிரணியைத் தள்ளு என்று. இரண்டு பக்கமிருந்தும் ஓடி வந்தார்கள். தோளோடு தோள் கோத்து, அவருக்கு மேலே பாலம் போட்டதுபோல் நின்று தள்ள ஆரம்பித்தார்கள். ஒரு கால்கூட அவர்மேல் படவில்லை. அடியில் அவர் பந்தை நெஞ்சோடு அணைத்தபடி மல்லாந்து கிடந்தார்.

கவியா குனிந்து மரியாதையாகச் சொன்னாள்: "ஐயா, பந்த உட்டுருங்க. புடிச்சுட்டே இருந்தா ஃபவுலுங்க."

விட்டுவிட்டார். சிஸ்டர் விசிலை ஊதினார்.

வேட்டியெல்லாம் செம்மண். உடம்பில் ஒரு கீறல் இல்லை. அதை நான் அந்த இடத்திலேயே சுட்டிக்காட்டியிருக்க வேண்டாம். சிஸ்டர் கண்ணை மூடி ஜெபிக்கத் தொடங்கினார்.

ஆபீஸ் அறையில் மோர் குடித்து முடித்து, ஐயா நிதானமாகப் பேசினார். கோபமே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"புள்ளைகளுக்கு வாலிபால் சொல்லிக்குடுங்க அம்மணி. நெட்டு, பந்து, துணிமணி எல்லாம் நானே எடுத்துத் தாரேன். இப்படி மேல உழுந்து ஆடறது பொம்பளப் புள்ளைகளுக்கு ஆகாதுங்க."

சிஸ்டர் மேசைக்கு அடியில் என் காலை மிதித்தார். ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி பிள்ளைகள் வெளியே நின்றிருந்தார்கள். கவியா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சற்று முன்னால் ஒரு பெரிய மனிதரைத் தரையில் உருட்டியவள் பேசக்கூடிய பேச்சல்ல. ஆனாலும் பேசினேன்.

"ரக்பிக்குன்னா வாங்கிக்கறோமுங்க. வாலிபாலுக்குன்னா வேண்டாங்க. ஐயா அடியில கெடந்து பாத்தீங்கல்ல, ஒரு கால் பட்டுச்சுங்களா?"

அவர் உண்மையாகவே யோசித்தார். "படலீங்க" என்றார். கும்பிட்டுவிட்டு, எதுவும் தராமல் போய்விட்டார்.

சிஸ்டர் வெகுநாள் என்னோடு பேசவில்லை. இனி அணி கலைந்துவிடும் என்று ஸ்டாஃப் ரூமில் முடிவே கட்டிவிட்டார்கள். கலையவில்லை. திருப்பூர் பனியன் கம்பெனிகள் கழித்துப் போட்ட துணியில் அம்மாக்கள் ஜெர்சி தைத்தார்கள். ஒரே அணிக்குள் விதவிதமான பச்சை. கோவை கிளப்காரர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு கோச்சை அனுப்பினார்கள். முதல் போட்டியில் தோற்றோம். அடுத்ததிலும் தோற்றோம். அதற்கப்புறம் மற்றவர்களின் முறை. கவியா இப்போது அந்தக் கிளப்பிலேயே சின்னப் பிள்ளைகளுக்குக் கோச்.

எங்கள் சொந்தத்தில் மட்டும் அந்தச் சனிக்கிழமை இன்னும் முடியவில்லை. நான் விசேஷ வீட்டுக்குள் நுழைந்தால் கொழுந்தனார் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அண்ணி, கையில ஒண்ணும் இல்லீங்க" என்பார். போன மாதம் பொள்ளாச்சியில் ஒரு கல்யாணத்தில் சாமியப்பன் ஐயாவையே பார்த்தேன். தூரத்தில் என்னைக் கண்டதுமே தாம்பூலப் பையை மனைவியிடம் கொடுத்துவிட்டு இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினார். பந்தியில் இருந்தவர்களெல்லாம் சிரித்தார்கள்.

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே பக்கத்தில் போய், இந்த வருஷம் பிள்ளைகளுக்கு ஷூ வாங்க வேண்டும் என்றேன், ரக்பிக்குத்தான் என்றும் சேர்த்துச் சொன்னேன். ஐயா வாயைத் திறப்பதற்குள் அவர் மனைவி கேட்டார்:

"எத்தன சோடி வேணும் கண்ணு?"