ஹவெவர் அக்காவும் கோடிட்ட இடமும்

ஒருவர் பேசினால் எல்லோரும் அவர் சொல்லும் வாக்கியத்தைக் கேட்பார்கள். இரண்டு வாக்கியங்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளியைக் கேட்ட ஒரே ஆள், எனக்குத் தெரிந்து இந்த மதுரை ஜில்லாவிலேயே, எங்கள் ஹவெவர் அக்காதான்.

காளவாசல் பக்கம் ஒரு பெண்கள் விடுதியில் நானும் அக்காவும் ஒரே அறை. இருவரும் வங்கித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தோம். அக்காவுக்கு ஊர் எழுமலை, அப்பாவுக்கு விவசாயம். கணக்கில் அவள் புலி. ஆங்கிலத்தில் ஒரே ஒரு கேள்விதான் வருடக்கணக்காக அவளைக் கவிழ்த்துக்கொண்டிருந்தது. ஒரு பத்தியைக் கொடுத்து, இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில் கோடு போட்டிருப்பார்கள். அங்கே ‘ஹவெவர்’ வருமா, ‘தேர்ஃபோர்’ வருமா, ‘மோர்ஓவர்’ வருமா என்று சொல்ல வேண்டும். நம் ‘ஆனா’, ‘அதனால’, ‘அதோட’ சமாசாரம்தான். பயிற்சி மையத்தின் முதல் மாதிரித் தேர்வில் அக்கா எல்லாக் கோட்டிலும் ஹவெவரையே நிரப்பிவிட்டு வந்தாள்.

“ஏன்க்கா?” என்றேன்.

“பாக்க லட்சணமா இருந்துச்சு புள்ள.”

பெயர் அன்றைக்கே ஒட்டிக்கொண்டது.

ஆங்கில சார் அவளைக் கூப்பிட்டு, “வார்த்தையப் பாக்காதீங்கம்மா. முன்னாடி வரியும் பின்னாடி வரியும் சேந்து போகுதா, முறைச்சுக்கிட்டு நிக்குதா, ஒண்ணுனால இன்னொண்ணு வந்துச்சா, அதப் பாருங்க” என்றார். அவர் சொன்னது பரீட்சைப் பத்தியை. அக்கா மதுரை முழுவதையும் எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை விடுதி வார்டன், “இன்னைக்கு ஞாயித்துக்கெழம. உப்புமா” என்று அறிவித்தார்.

“நடுவுல ‘அதனால’யாம்மா?” என்று அக்கா பணிவாகக் கேட்டாள். “அப்படின்னா ஞாயித்துக்கெழமைக்கும் உப்புமாவுக்கும் என்ன சம்பந்தம்?”

வார்டன் யோசித்தார். பதில் கிடைக்காத கோபத்தில் அடுத்த ஞாயிறும் உப்புமாவே போட்டார். திருமங்கலம் பஸ்ஸில் கண்டக்டர், “உள்ள எடம் இருக்கு. படியில நிக்காக” என்று அலுத்துக்கொண்டால், “‘ஆனா’வ விட்டுட்டீகண்ணே” என்று பின்சீட்டிலிருந்து குரல் வரும். அவர் எங்களைக் கண்டால் விசிலை வாயிலேயே வைத்துக்கொள்வார்.

இப்படி இருக்கும்போதுதான் அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். திருமங்கலத்தில் அவள் சித்தப்பா வீட்டில் ஏற்பாடு. துணைக்கு நானும் போயிருந்தேன். அக்கா கேசரித் தட்டோடு வந்து நின்றாள். மாப்பிள்ளையின் அம்மா நல்ல மனுஷி, சிரித்த முகம்.

“பொண்ணு நல்லாப் படிச்சிருக்கு. கல்யாணத்துக்கப்புறம் வேலைக்கெல்லாம் போக வேணாம்” என்றார்.



“அத்தை, நீங்க சொன்ன ரெண்டு வரிக்கும் நடுவுல ‘ஆனா’வா, ‘அதனால’யா?” என்றாள் அக்கா. நக்கல் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

அந்த அம்மா தன் கணவரைப் பார்த்தார். கணவர் மின்விசிறியைப் பார்த்தார். மாப்பிள்ளைதான் பாவம், ரொம்ப நேர்மையானவர். “‘ஆனா’ன்னுதாங்க நெனைக்கிறேன்” என்றார்.

“அப்ப ரெண்டும் முறைச்சுக்கிட்டு நிக்குது. எனக்கு ஒத்துவராது அத்தை” என்று சொல்லிவிட்டு, அக்கா மாப்பிள்ளைக்கு இன்னொரு கரண்டி கேசரி வைத்தாள்.

அவர்கள் போன பிறகும் அக்காவின் அப்பா திட்டவில்லை. “இந்த ஒரு பரீட்சைதான் தாயி. தேறலைன்னா நான் சொல்ற மாப்ளைக்குச் சம்மதிக்கணும்” என்றார்.

“சரிப்பா. அதுக்கு மேல எழுத எனக்கும் வயசு இல்ல” என்றாள் அக்கா.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கண்டக்டர் என்னென்னவோ சொன்னார். அக்கா எதையும் திருத்தவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

அதன் பிறகு அவள் படித்த படிப்பைப் பார்த்து வார்டனே கேள்வி கேட்காமல் டீ கொண்டுவந்து வைத்தார். பரீட்சை நாளும் வந்தது; இருவரும் எழுதினோம். மையத்திலிருந்து வெளியே வந்தவளின் கண் சிவந்திருந்தது.

“என்னக்கா, கஷ்டமா?”

“பத்தி கடலாமையைப் பத்தி புள்ள. அம்புட்டு முட்டை போடுது, முக்காவாசி குஞ்சு செத்துப்போகுது. அடுத்து ஒரு கோடு. அதுக்கப்புறம், அது மறுபடி அதே கரைக்கு வருது. ஹவெவர்தான் போட்டேன். நெசமாவே அங்க அதுதான் புள்ள.”

ஒரு மத்தியானம் முடிவு வந்தது. அக்கா தேறிவிட்டாள். என் நம்பர் இல்லை.

விடுதியே அவளைச் சூழ்ந்துகொண்டது. நான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் அக்கா பரோட்டாப் பொட்டலத்தோடு உள்ளே வந்தாள்.  பிரித்து என் முன்னால் வைத்தாள். அவள் போன் அடித்தது. எழுமலையில் ஆட்கள் பேசும் இரைச்சல் எனக்கே கேட்டது.

“வீடு நெறைய ஆளுக வந்திருக்காக தாயி. எப்ப வாரே?” என்றார் அப்பா.

“நாளைக்கு வாரேன்ப்பா. இங்க ஒரு வேலை கெடக்கு” என்று சொல்லி போனை அணைத்தாள்.

நான் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்ததுதான் அந்த வேலை.