அட்டையில் விழுந்த முகம்

கோம்பை,
ஞாயிற்றுக்கிழமை.

கோவையில் மகள் யுவராணி வீட்டில் பேரனைப் பார்த்துக்கொண்டிருக்கும் என் மனைவி பாண்டீஸ்வரிக்கு, கணவன் பொன்னுராஜ் எழுதுவது. இங்கே நானும் வீடும் சுகம். அங்கே எல்லோரும் சுகமாயிருக்க மாரியம்மன் துணை. போனில் பேசலாம்தான், "பிள்ள அழுகுறான், அப்புறம் பேசுறேன்"னு வைத்துவிடுகிறாய். ஏழு மாசமாய் அந்த அப்புறம் வரவில்லை.

பக்கத்து வீட்டு முருகம்மாள் எதையாவது சொல்வதற்குள் உண்மையை நானே சொல்லிவிடுகிறேன். கல்யாணமான புதிதில் சுருளி அருவியில் உன்னை எடுத்த நெகட்டிவ் பீரோவில் அகப்பட்டது. நானே பிரிண்ட் போடலாமென்று நேற்றுப் பட்டப்பகலில் குளியலறையை இருட்டாக்கினேன். ஜன்னலுக்கு உன் கறுப்புக் கம்பளி, சாமி படத்துச் சிவப்பு பல்பு, படத்தைப் பேப்பரில் விழவைக்கப் பால்பவுடர் டப்பாவில் பழைய லென்ஸைப் பொருத்திய விளக்கு, பிரிண்ட் கழுவும் மருந்து ஊற்ற உன் எவர்சில்வர் தாம்பாளம் மூன்று, பேப்பரைத் தூக்க அப்பளம் பொரிக்கிற இடுக்கி. வையாதே, இனி அதால் அப்பளம் பொரிக்க மாட்டேன்.

வெயிலுக்கு முதுகு காட்டி நின்றதால் உன் முகம் இருண்டு வந்தது. வெளிச்சம் விழும்போது முகத்துக்கு மட்டும் சற்று நிழல் பிடித்தால் தெளியும். அதற்காகக் கல்யாணப் பத்திரிகை அட்டையை வட்டமாக வெட்டி, சைக்கிள் போக்ஸ் கம்பியில் ஒட்டினேன். அதை ஆட்டிக்கொண்டே இருக்கணும், நின்றால் வெளிச்சம் படாமல் அந்த இடம் வெள்ளையாகிவிடும். பிடித்தேனா, உன் முகம் அந்த வெள்ளை அட்டை மேலேயே வந்து விழுந்துவிட்டது! நெகட்டிவ் அல்லவா, முகம் கறுப்பு, முடி வெள்ளை. முடி மட்டும் இப்போது இருக்கிற மாதிரியே. பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். பிரிண்டில் அருவி இருக்கிறது, குரங்கு இருக்கிறது, உன் சேலைப் பூ இருக்கிறது, முகத்தில் வெள்ளை வட்டம். ஆறு தடவையும் இதே கதை.

ஆறையும் கொடியில் காயப்போட்டது என் தப்பு.

"என்னண்ணே, மதினி மூஞ்சிய மட்டும் அழிச்சுப்புட்டீக? பேரனப் பாக்கப் போனாகன்னது சும்மாவா? சண்டையா?" என்றாள் முருகம்மாள்.

"இல்ல ஆத்தா, கை நின்னுருச்சு."

"கை எதுக்கு நிக்குது?"

சாயங்காலத்துக்குள் தெரு முழுக்க நமக்குள் சண்டை.

ஆகவே, யார் சொன்னாலும் நம்பாதே. எனக்கு இங்கன ஒரு குறையும் இல்லை. பேரன் பள்ளிக்கூடம் போகும்வரைகூட இருந்துவிட்டு வா. அவனுக்கு என் முத்தம், மாப்பிள்ளைக்கு விசாரிப்பு, மகளுக்கு ஆசி.

இப்படிக்கு,
பொன்னுராஜ்

பின்குறிப்பு: முருகம்மாளிடம் உன் புது நம்பர் இல்லாமலிருந்தது. இன்று காலையில் நான்தான் எழுதிக் கொடுத்தேன். என்னோடு சண்டை போடவாவது பஸ் ஏறி வா.