சியோ நீனோவுக்காக நான் ஓடிய ஓட்டம்

பலெர்மோவில் வீட்டு வேலைக்குச் சேர்ந்த எம்மவருக்கு முதல் மாதத்திலேயே மறந்துபோகிற சொல் "தெரியாது" என்பது. குழாய் திருத்தத் தெரியுமா? "ஸி, சிஞ்ஞோரா." அதாவது, ஓம் அம்மா. பூனைக்கு ஊசி போடத் தெரியுமா? "ஸி, சிஞ்ஞோரா." (தெரியாது என்பதை முதலில் கண்டுபிடித்தது பூனைதான். தழும்பு இன்னும் கையில் இருக்கிறது.) ஆகவே "உனக்குப் பேஸ்பால் விளையாடத் தெரியுமா?" என்று என் சிஞ்ஞோரா கேட்டபோதும், துடைத்துக்கொண்டிருந்த தரையிலிருந்து நிமிராமலே "ஸி, சிஞ்ஞோரா" என்றேன்.

சிஞ்ஞோரா வியா மக்வேதாத் தெருவில் மூன்றாம் மாடியில் தனியாக வாழ்ந்த விதவை. அவருடைய சொத்துச் சுகம், சாமி பூதம் எல்லாம் சுவரில் தொங்கிய ஒரே ஒரு படம். அவருடைய தாத்தாவின் தம்பி நீனோ. வீட்டில் எல்லோருக்கும் அவர் சியோ நீனோ, நீனோ மாமா. நூறு வருடங்களுக்கு முன்னால் அமெரிக்காவுக்குக் கப்பலேறி, அங்கே பேஸ்பால் விளையாடியே பிழைத்தவர். மைதானத்தின் உள்வட்டத்தில் நின்று, உருண்டு வருகிற பந்துகளைப் பொறுக்கி எறிவது அவர் உத்தியோகம். படத்தில் பெரிய மீசையும், குளவி கொட்டியதுபோல் வீங்கிய தோல் கையுறையுமாக நிற்பார்.

"ஒவ்வொரு வருடமும் ஒரு புதிய அணி!" என்று சிஞ்ஞோரா பெருமைப்படுவார். "ஒருவர் விட்டால் அடுத்தவர் பிடித்துக்கொள்வார். அவ்வளவு போட்டி!"

அந்த நீனோவின் சொந்தப் பேத்தி லிண்டா அமெரிக்காவிலிருந்து வரப்போகிறாள். அதற்குள் நகரின் ஒரேத்தோப் பகுதியில் கோயிலோடு சேர்ந்த மைதானத்துக்கு நீனோவின் பெயரை வைத்துவிட வேண்டும் என்பது சிஞ்ஞோராவின் திட்டம். பங்குச் சுவாமியாரோ, "முதலில் அந்த விளையாட்டு எப்படியென்று சனம் பார்க்கட்டும்" என்று சொல்லிவிட்டார். ஞாயிறு பூசை முடிந்ததும் விளையாட்டு. சியோ நீனோவாக நான்.

"என் மானத்தைக் காப்பாற்று. மேல் அறையைத் தருகிறேன், உன் மனைவியும் பிள்ளையும் வந்து இருக்கட்டும்" என்றார் சிஞ்ஞோரா.

அந்த அறைக்காகத்தான் நான் ஒரு வருடமாகத் தவம் கிடந்தேன். தங்க இடம் காட்டாமல் குடும்பத்தை இத்தாலிக்கு எடுப்பிக்க முடியாது. மன்னாரிலிருந்து மனைவி மெற்றில்டா தினமும் தொலைபேசியில் வறுப்பாள்.

"இஞ்சேருங்கோ, அறை என்னமாதிரி?"

"ஞாயிற்றுக்கிழமை ஒரு விளையாட்டு இருக்கு. அது முடியத் தருவா."

"விளையாட்டோ? இஞ்சை பிள்ளை படத்தைப் பாத்து அப்பா எண்டு கூப்பிடுது. நீங்கள் அங்கை விளையாடப் போறியள்!"

உண்மையில் எனக்குப் பயமில்லை. மன்னாரில் எங்கள் ஊர் கிரிக்கெட் அணியின் தொடக்க ஆட்டக்காரன் நான். பந்து, மட்டை, ஓட்டம், இதில் அமெரிக்காக்காரன் புதிதாக என்னத்தைப் புகுத்தியிருப்பான்? தொலைபேசியில் பார்த்த துண்டுப் படங்களிலும் பந்து வானத்துக்குப் பறந்ததே தவிர, யார் எங்கே ஓடினார்கள் என்று ஒருவரும் காட்டவில்லை. கோயிலில் எங்களோடு கிரிக்கெட் விளையாடுகிற பொடியன்களைச் சேர்த்தேன். பந்து வீச அருளப்பு அண்ணை. ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துப் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவுகிறவர், வேகப் பந்து வீச்சாளர்.

"அண்ணை, இதிலை பந்தைக் கை மடிச்சு எறியிறதாம்" என்றேன்.

"எறியிறதோ? இருவது வருசமா ஒருத்தன் என்னை எறியிறான் எண்டு சொன்னதில்லை. எனக்கும் ஒரு மரியாதை இருக்கு, தம்பி. நான் போடுவன்."

ஞாயிறு வந்தது. சிஞ்ஞோரா தன் குளிர்காலக் கம்பளியை வெட்டி எனக்கு முழங்கால்வரை காற்சட்டை தைத்திருந்தார். ஆனி மாத வெயிலில் அதற்குள் நான் அரை அவியலாகிவிட்டேன். மைதானத்தின் நான்கு மூலைகளிலும் அவருடைய சோபா மெத்தைகள். நான் நிற்கும் மெத்தைக்குப் பின்னால் ஒரு கதிரையில், சுவரிலிருந்து இறக்கிய படத்தில், பூமாலையோடு சியோ நீனோ. சுவாமியார் நடுவர். முன்வரிசையில் லிண்டா.

அருளப்பு அண்ணை மதில்வரை போய், அங்கிருந்து ஓடிவந்து முதல் பந்தைப் போட்டார். அது நிலத்தில் குத்தி எழும்பியது. புதுப் பந்துக்குரிய மரியாதையோடு நான் முன்காலை வைத்து அதை மெதுவாகத் தடுத்தேன். எங்கள் ஆட்கள் கைதட்டினார்கள். லிண்டா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள்.

இரண்டாவது பந்து காலில் பட்டது. அண்ணை சுவாமியாருக்கு முன்னால் முழந்தாளிட்டு, இரண்டு கைகளையும் விரித்து அவுட் கேட்டுக் கத்தினார். அதைப் பக்தி என்று நினைத்த சுவாமியார் அவரை ஆசீர்வதித்தார்.

மூன்றாவதை ஓங்கி அடித்தேன். மட்டையோடு முதல் மெத்தைக்கு ஓடி, மட்டையால் அதைத் தொட்டு, திரும்பி ஓடிவந்தேன். இரண்டு ஓட்டம் ஆயிற்றா? பந்து இன்னும் வரவில்லை. "மூண்டாவது இருக்கு, ஓடடா!" என்று பந்து பொறுக்கப் போனவனே கத்தினான். மறுபடி போனேன், திரும்பினேன். பந்து வந்துகொண்டிருந்தது. மட்டையை நீட்டிக்கொண்டு பாய்ந்தேன். கம்பளிக் காற்சட்டை புல்லில் வழுக்கியது. மெத்தையைத் தாண்டிப் போன மட்டை, சியோ நீனோவின் மீசையில் போய் நின்றது. கண்ணாடி உடைந்த சத்தம் கோயில்வரை கேட்டிருக்கும்.

லிண்டா எழுந்தாள். "இது பேஸ்பாலே இல்லை!" என்றாள் தன் ஓட்டை இத்தாலியத்தில். "அடித்ததும் மட்டையைப் போட்டுவிட வேண்டும். நான்கு மூலையையும் சுற்றி வர வேண்டும். இந்த ஆள் போன வழியே திரும்பி வருகிறான்!" பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஆனால் தாத்தாவுக்கும் இது வராதுதான். வருடத்துக்கு ஓர் அணி ஏன் தெரியுமா? உருண்டு வந்த பந்தெல்லாம் அவர் காலுக்குள்ளால் போய்விடுமாம். ஒருவராலும் அவரை வைத்திருக்க முடியவில்லை."

சிஞ்ஞோராவின் முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது. கண்ணாடித் துண்டுகளுக்குள் குப்புறக் கிடந்த எனக்கு அழுகை வந்தது. அறை போயிற்று. மெற்றில்டாவுக்கு என்ன சொல்வேன்? பிள்ளை இன்னும் எத்தனை காலம் படத்தைப் பார்த்துக் கூப்பிடும்?

சிஞ்ஞோரா மெல்ல எழுந்தார். லிண்டாவிடம் போனார்.

"நீ சொல்வது இப்போதைய பேஸ்பால். என் சியோ நீனோ விளையாடியது பழைய பேஸ்பால். அதில் மட்டையோடுதான் ஓடுவார்கள், திரும்பித்தான் வருவார்கள். இந்தப் பிள்ளைக்கு எல்லாம் தெரியும். யூட், எழும்பு! மறுபடி ஓடு!"

ஓடினேன். இழுபடுகிற கம்பளியை ஒரு கையிலும் மட்டையை மறுகையிலும் பிடித்துக்கொண்டு, போனேன், வந்தேன், போனேன், வந்தேன். பந்தே இல்லை. ஒரேத்தோச் சனம் எழுந்து நின்று கைதட்டியது. கடைசியில் லிண்டாவும் தட்டினாள்.

அத்தோடு நான் அந்த வீட்டில் அசைக்க முடியாத ஆளாகிவிட்டேன். சிசிலித் தீவில் பழைய பேஸ்பால் தெரிந்த ஒரே மனிதனை எப்படி வேலையால் நிற்பாட்டுவது? அந்தக் கிழமையே மேல் அறைக்கு வெள்ளையடித்தார்கள். மெற்றில்டாவும் பிள்ளையும் வந்து இறங்கினார்கள். மைதானத்துக்கு நீனோவின் பெயர் வந்தது. வருடத்துக்கொருமுறை நான் அங்கே ஓட வேண்டும் என்பது சிஞ்ஞோராவின் கட்டளை. இன்றும் ஓடுகிறேன், முழங்கால்தான் முறைப்பாடு சொல்கிறது. நான் குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோருக்கு விசாப் புதுப்பிக்கப் புறப்பட்டால்கூட மெற்றில்டா வாசலில் நின்று, "பிழையா ஓடினாலும் மட்டையை மட்டும் விட்டிடாதேங்கோ" என்றுதான் வழியனுப்புவாள்.

போன மாதம் மகளின் பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டார்கள். விளையாட்டுப் பாடத்தில் பேஸ்பாலாம். மகள் அடித்துவிட்டு, மட்டையோடு ஓடி, போன வழியே திரும்பி வந்தாளாம். பிழை என்று சொன்ன ஆசிரியையோடு சண்டையாம்.

"அவளிடம் நீங்களே சொல்லுங்கள், சிஞ்ஞோர்" என்றார் ஆசிரியை.

நான் வாயைத் திறப்பதற்குள், மகள் அச்சு அசல் பலெர்மோக்காரியாக இரண்டு கைகளையும் ஆட்டிக்கொண்டு சொன்னாள்: "என் அப்பா சரியாக ஓடியிருந்தால், டீச்சர், நானும் அம்மாவும் இன்னும் மன்னாரில்தான் இருந்திருப்போம்."