மூக்கனின் இடது கண்ணும் இருபத்திரண்டு கறுப்புக் கண்ணாடிகளும்

நெடுங்கேணி,
மாசி 18.

அன்புள்ள மருமகள் வினோஜாவுக்கு,

நானும் இராசமலர் மாமியும் நல்ல சுகம். நீயும் உன் ஆய்வுகூடத்து எலிகளும் அவ்வாறே இருக்கக் கடவுளை வேண்டுகிறேன்.

வென்றுவிட்டோம், பிள்ளை. பக்கத்து வளவு மூக்கனின் இடது கண்ணில் புரை ஆறு மாதமாகத் துளியும் வளரவில்லை என்று இன்று கண் டொக்டர் சொன்னார். அவருக்கு வலது கண் முன்னமே போய்விட்டது. இடதும் போனால் அவருடைய இரண்டு ஏக்கர் வயலை யார் பார்ப்பது?

எல்லாம் உன் கடிதத்தால் வந்தது. கண்வில்லையின் புரதங்களை வெயிலின் புறஊதாக் கதிர் குலைக்கிறது, நெருக்கடியில் உதவும் வேறு புரதங்கள் அவற்றைத் தாங்குகின்றன என்று எழுதியிருந்தாய். நான் மூக்கனுக்கு இப்படி விளங்கப்படுத்தினேன்: காலைக்கூட்டத்தில் வெயிலுக்கு மயங்கிச் சரிகிற பிள்ளைகளை மாணவத் தலைவர்கள் தாங்கிப் பிடிப்பார்கள், கண்வில்லைப் பள்ளிக்கூடத்தில் வயது போகப்போகப் புதுத் தலைவர் நியமனம் அநேகமாய் இல்லை, இருப்பவர்களும் களைத்துவிட்டால் பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து குவிவார்கள், அந்தக் குவியல்தான் புரை. தலைவர்களைக் கூட்டும் மருந்தை நீயும் உன் ஆய்வுகூடத்தாரும் தேடுகிறீர்கள், அது கிடைக்கும்வரை வெயிலைத்தான் குறைக்கவேண்டும் என்றேன்.

"அப்ப அந்தப் புள்ளைங்களுக்குக் கொடை புடிக்கணும்னு சொல்றீங்க, சேர்," என்றார். முப்பத்தைந்து வருடம் படிப்பித்ததில் இவ்வளவு கெதியாக விளங்கிக்கொண்ட மாணவன் எனக்குக் கிடைத்ததில்லை.

புறஊதாக் கதிரை மறிக்கவென்று நீ அனுப்பிய கறுப்புக் கண்ணாடியும் ஓலைத்தொப்பியுமாக அவர் வயலுக்குப் போனதுதான் தாமதம், இங்கே கறுப்புக் கண்ணாடி போட்டவர் என்றால் கண் ஒப்பரேசன் செய்தவர் என்றுதானே அர்த்தம், மத்தியானத்துக்குள் மோல்ட் மா டின்னும் பிஸ்கற்றும் தோடம்பழமுமாகப் பதினொரு பேர் நோயாளி பார்க்க வந்துவிட்டார்கள், அவர் மனைவி ராக்காயி தேத்தண்ணி ஊற்றிக் களைத்துப்போனா, வந்தவர்கள் இவரைக் குனியவே விடாமல் கதிரையில் இருத்திவிட்டுத் தாங்களே வரம்பு கட்டினார்கள், கட்டிய வரம்பும் கோணல். நாலாம் நாள் மூக்கன் கண்ணாடியைக் கழற்றி என் மேசையில் வைத்தார்.

"கண்ணு போனாலும் பரவால்ல சேர், நோயாளியா ஒக்காரச் சொல்லாதீங்க."

அன்று நான் சாப்பிடவில்லை. பிறகு யோசித்தேன்: எல்லாரும் போட்டால் யார் நோயாளி? மாங்குளத்துக்கு பஸ் ஏறி, தெருவோரத்தில் கறுப்புக் கண்ணாடிகள் வாங்கிவந்து, வயல் செய்கிற கமக்காரர் கூட்டத்தில் முட்டை ஒன்றைப் பொரித்துக் காட்டி, வெள்ளையாய்ப் போனது திரும்பத் தெளியாது என்று விளக்கி, இருபத்திரண்டு பேருக்கு நானே மாட்டிவிட்டேன். மாமி முதல் ஆள். இந்த அறுவடையில் எங்கள் வயல்வெளியைப் பார்த்திருக்கவேண்டும் நீ! மூக்கன் தன் கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டு நடுவில் தலை நிமிர்ந்து நின்றார். மிச்சமிருந்த ஒரு கண்ணாடியை இன்று நன்றியோடு டொக்டருக்கே பரிசளித்துவிட்டு வந்தேன்.

உன் ஆராய்ச்சி கைகூடி, நிறைந்த பார்வையோடு நீ நெடுங்காலம் வாழ மாமிக்கும் எனக்கும் ஆசை.

அன்புடன்,
மாமா யோகலிங்கம்

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போன நேரம் டொக்டர் போன் எடுத்தார். என் பரிசைக் கருவியில் வைத்துப் பார்த்தாராம். "இது வெறும் கறுப்பு, மாஸ்டர். புறஊதாக் கதிரை மறிக்காது. கண்மணி விரியிறதால இன்னும் கூடத்தான் உள்ள போகும்," என்றார். ஆக, ஊரிலேயே உண்மையான கண்ணாடி நீ அனுப்பிய அந்த ஒன்றுதான். நாளைக்கு இருபத்திரண்டு பேரிடமும் போய்க் கழற்றச் சொல்லவேண்டும். மூக்கனிடம் சொன்னேன். அவர் தன்னுடையதைக் கழற்றி என் கையில் வைத்தார்: "ரொம்பத் தூரம் வெயில்ல நடக்கணும், நீங்க போட்டுக்கங்க சேர். நான் நாளைக்கு வீட்டோட நோயாளியா ஒக்காந்துக்கிறேன்."