செவலை அளந்த தெரு

"பன்னெண்டடின்னா அது தெருவாங்கய்யா? சந்துங்கய்யா!" என்று குடியிருப்புச் சங்கக் கூட்டத்தில் கத்தினார் வண்டிக்கார மொக்கச்சாமி.

போடிக்கு மேற்கே புதுக் குடியிருப்பு. நாற்பது மனை. முளையடித்துச் சுண்ணாம்புக் கோடும் போட்டாகிவிட்டது. மொக்கச்சாமிக்கும் அதில் ஒரு மனை உண்டு. ஆனால் அவருடைய கவலை வேறு. சிலமலைக் காளவாசலிலிருந்து நாற்பது வீட்டுக்கும் செங்கல் வர வேண்டும். இரண்டு வருஷச் சோலி. பன்னிரண்டு அடித் தெருவில் மாட்டு வண்டி உள்ளே போகும், திரும்பாது. சோலி கழுதைக்கார அழகுமலைக்குப் போய்விடும்.

"தெருவை அகலமாக்குனா ஆளுக்கு மூணடி மனை போகும். உம்ம மாட்டுக்காக நாங்க வீட்டைச் சுருக்கணுமா?" என்றார் சங்கத் தலைவர் காசிராஜன்.

"வீட்டுல படுக்கத்தானே செய்றோம்? தெருவுலதானேய்யா பொழப்பு!"

அந்தப் பேச்சு எடுபட்டது. எதிரெதிர் மனைகள் மும்மூன்று அடி விட்டுக்கொடுக்க, தெரு பதினெட்டு அடியானது. மொக்கச்சாமி துண்டை உதறித் தோளில் போடுவதற்குள் சுருளியம்மாள் எழுந்தாள். ஏலக்காய் ஸ்டோரில் காய் பொறுக்குகிறவள்.

"பதினெட்டடி இருக்குல்ல? அப்ப ரெண்டு பக்கமும் நடக்க மூணு மூணடிக்குக் கல்லு கட்டி விடுங்க. வேலைக்குப் போற பொம்பளைக மாட்டுக் கொம்புக்கு நடுவுலயா போறது?"

எல்லோரும் தலையாட்டினார்கள். மொக்கச்சாமி விரல் விட்டு எண்ணினார். மறுபடியும் பன்னிரண்டு. முன்பாவது சக்கரம் ஓரத்தில் ஏறும். இப்போது கல் வேறு.

"அப்ப வண்டிய எங்கய்யா நிப்பாட்டுறது?"

"நியாயந்தான்" என்றார் காசிராஜன். "நிப்பாட்ட ஒரு ஓரம் அஞ்சடி ஒதுக்கிருவோம். மிச்சம் ஏழடி போறதுக்கு."

பக்கத்தில் இருந்த மருதாயி புருஷனின் வேட்டியைப் பிடித்து இழுத்தாள். "வாயத் தொறக்காதீக. இன்னொரு கேள்வி கேட்டா தெருவே இருக்காது."

மொக்கச்சாமி அவள் பேச்சைக் கேட்கவில்லை. "பேச்செதுக்குங்கய்யா? களத்துப் பாதைய எப்பிடி விடுறோம்? வண்டியத் திருப்பிப் பாத்துத்தானே? நாளைக்குத் திருப்பிக் காட்டுறேன். எத்தனை அடியில திரும்புதோ அதுதான் தெரு."

அத்தனை பேரும் காடு கழனியில் பாடுபடுகிற சம்சாரிகள். அது சரியென்றே பட்டது.

மறுநாள் பழகிய மாட்டை வீட்டில் கட்டிவிட்டு, போன மாதம் சந்தையில் பிடித்த செவலைக் காளையைப் பூட்டிக்கொண்டு வந்தார். அதற்கு இடது வலது தெரியாது. கயிற்றைச் சுண்டியதும் முளைகளைப் பிடுங்கி, சுண்ணாம்புச் சட்டியைக் கவிழ்த்து, காசிராஜனின் குடையை மிதித்து, ஊர்கோலம் போவதுபோலச் சுற்றி வந்து நின்றது. நின்ற இடம் மொக்கச்சாமியின் சொந்த மனை.

அளந்தார்கள். முப்பதடி.

"முப்பதுன்னா நடக்கத் தனியா எதுக்கு? ஓரமாப் போய்க்கிறோம்" என்றாள் சுருளியம்மாள்.

காசிராஜன் குடைக்கம்பியை நிமிர்த்திக்கொண்டே சொன்னார்: "மத்தவுகளுக்குப் பின்னால தள்ளி எடம் குடுத்துரலாம். உமக்குப் பின்னால ஓடை. ஒம்பதடி போனது போனதுதான். சம்மதமா?"

"எடுத்துக்கங்கய்யா!"

"அடுப்பு வைக்க எடம் இருக்குமா?" என்றாள் மருதாயி.

"ரெண்டு வருஷம் செங்கல் ஏத்துனா வேற மனையே வாங்கலாம்டி. பேசாம வா."

ஒரு வாரம் கழித்து, சக்கரத்துக்கு மசகு போட்டு, மாட்டுக்குப் புதுக் கயிறு மாட்டி, காளவாசலுக்குப் போனார் மொக்கச்சாமி. வாசலில் அழகுமலை குத்தவைத்துப் பீடி குடித்துக்கொண்டிருந்தான். கழுதைகள் வெறும் முதுகோடு மேய்ந்தன.

"என்னடா மாப்ளே, கழுதைக்குச் சோலி இல்லையா? முப்பதடித் தெருடா! இனி யாரு செங்கல் ஏத்துறான்னு பாரு."

அழகுமலை பீடியைத் தரையில் தேய்த்து அணைத்தான்.

"பாத்துட்டேண்ணே. சந்துக்குள்ள வரமாட்டேன்னு போன லாரிக்காரரு, முப்பதடின்னதும் வந்து நாப்பது வீட்டுக்கும் பேசி முடிச்சுட்டாரு."